வன நாளில் ஒரு பெயர்

"ரெண்டே வார்த்தை பேசுங்க அக்கா. காடு நம்ம தாய்னு சொல்லி, வந்தவங்களுக்கு ஒரு நன்றி சொன்னா போதும்" என்று மைக்கைப் புருல்சாவின் கையில் கொடுத்தான் விழாக் குழுக்காரன்.

பதினாறு வருஷமாக அந்த அக்ரூட் காட்டின் காவலாளி அவள். வன நாளுக்காக அவள் தோளில் புதுப் பட்டு மேலங்கி போர்த்தியிருந்தார்கள். முள்ளாய்க் குத்தியது.

ஜலால்-அபாத் நகரத்திலிருந்து வந்த அதிகாரிகள் ஐந்து கன்றுகளை நட்டுவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்டாவில் புலாவ் வெந்துகொண்டிருந்தது.

அவள் மலைப் பக்கம் பார்த்தாள்.

மேல் சரிவில் முந்நூறு வயது அக்ரூட் மரம் ஒன்றின் அடியில் நான்கு நாளைக்கு முன் யாரோ ரம்பம் போட்டிருந்தார்கள். அடிமரத்தில் புடைத்திருக்கும் கழலைக்கு வெளிநாட்டில் கிராக்கி. அதைத் தோண்டி எடுத்துவிட்டால் மரம் நின்றபடியே சாகும்.

அந்த மரம் காட்டில் விதவை அனார்கானுக்கு ஒதுக்கிய பங்கு. இலையுதிர் காலத்தில் நான்கு பிள்ளைகளோடு அதன் கீழே கூடாரம் போட்டுக் கொட்டை பொறுக்குவாள். அந்த வீட்டுக்குக் குளிர்கால மாவு அந்த மரம்தான்.

அனார்கான் முன்வரிசையில் நின்றாள். அழுது தீர்ந்த கண்கள்.

"காடு தாயாம்!" என்றாள் புருல்சா. ஒலிபெருக்கி கரகரத்தது. "அந்தத் தாயோட மாரையே ஒருத்தன் அறுத்துட்டுப் போயிருக்கான். நீங்க இங்க பாட்டுப் பாடிக்கிட்டிருக்கீங்க. அவன் யாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ரம்பச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திக்கிட்டவங்கதானே நீங்க?"

பாட்டுக்காரன் கோமுஸ் வாத்தியத்தை மடியில் இறக்கினான். மைக்கைப் பிடுங்க வந்த குழுக்காரனை அவள் முழங்கையால் தள்ளினாள்.

"அவன் பேரு ஷெர்மத்."



அனார்கான் வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம், வேண்டாம் என்று புருல்சாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

விழாப் பாதுகாப்புக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த போலீஸ்காரர் குறிப்பேட்டோடு மேடை ஏறினார். "வீடு எங்கே? இந்நேரம் ஓடியிருப்பானே?"

"ஓடல."

புருல்சா மேலங்கியை உருவி நாற்காலியில் எறிந்தாள். பாவாடைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் வந்தேன். காலைல இருந்து பட்டினி. அடுப்புல சூப் இருக்கு. அதைக் குடிக்க விட்டுட்டு அப்புறமா கூட்டிட்டுப் போங்க, எம்புள்ளைய."