டொமினிக்கின் தமிழ் விளக்கம்

லிங்கநகரில் அந்த ஒழுங்கைக்கே ஒரே ஒரு டீவிதான். அது டொமினிக் வீட்டில் இருந்தது. அந்த டீவி பேசுகிற இங்கிலீஷ் விளங்குகிற ஆளும் ஒழுங்கையில் ஒருவர்தான், அதுவும் தான்தான் என்பது டொமினிக்கின் நம்பிக்கை. துறைமுகத்தில் முப்பது வருசம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த மனுசன் வேறு எப்படி நினைப்பார்?

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஏழு மணிக்கு ஒரு வெள்ளைக்கார நீதிமன்ற நாடகம். வழக்கு சும்மா சாட்டுக்கு. கமரா ஜூரர்மாரின் பின்னாலேயே அவரவர் வீட்டுக்குப் போய்விடும். யார் ஒளித்து வைத்துக் குடிக்கிறார், யாருடைய பெண்சாதி யாருக்குக் கடிதம் எழுதுகிறாள் என்பதுதான் கதை. இருபது பேர் பாயில் இருந்து வாய் பிளந்து பார்ப்பார்கள். டொமினிக் டீவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கம் சொல்லுவார்.

கூட்டத்தில் கதிரை கிடைக்கிற ஒரே ஆள் பக்கீர் முதலாளி. சந்தியில் கயிறும் வலையும் விற்கிறவர். இடுப்பில் சாரம், வாய் நிறைய வெற்றிலை, கதைப்பதோ குறைவு.

அவரைப் பிடித்து மேல் நீதிமன்றம் ஜூரியில் இருத்திவிட்டது. அதுவும் யாருடைய வழக்குக்கு? டொமினிக்கின் மனைவி எல்சியின் தம்பி, கப்பல்துறைக் கிராமத்தில் இருக்கிற வின்சன்ட்டின் வழக்குக்கு! துறைமுகக் காவற்காரனின் மண்டையை உடைத்து இரண்டு வள்ள எஞ்சின்களைக் கொண்டுபோனான் என்று குற்றச்சாட்டு.

எல்சி அழுதழுது முகம் வீங்கிப் போனாள்.

"களவு நடந்த அண்டைக்கு முழுக்க என்ர தம்பி உங்களோடதானே சல்லி ஊரில இருந்தவன். ஒருக்காக் கோட்டில ஏறி அதைச் சொல்லுங்கோவன்!"

"என்னெண்டு சொல்லுறது? ரெண்டு பேரும் கள்ளுக் கொட்டிலில இருந்தனாங்கள் எண்டோ? நான் கோயில் சபைச் செயலாளர். பிறகு சுவாமியாரின்ர முகத்தில முழிக்க ஏலுமோ?"

"என்ர முகத்தில முழிக்க ஏலுமோ?"

டொமினிக் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். மச்சானுக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. எந்தச் சேர்ட் போடுவது, எப்படிக் கைகட்டி நிற்பது, எப்படிப்பட்ட ஜூரி வேண்டும் என்று ஜட்ஜ் கேட்டால் என்ன சொல்லுவது, எல்லாம் பாடம் நடத்தித்தான் அனுப்பினார். தன் பேரை மட்டும் இழுக்க வேண்டாம் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

இப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஏழு ஜூரர்மாரில் ஐந்து பேர் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. அதில் ஒருவர் அவர் வீட்டுக் கதிரையிலேயே வந்து இருக்கிறார். வழக்கைப் பற்றி ஜூரரோடு கதைத்தால் குற்றம். டீவியை விளக்கினால்?

செவ்வாய்க்கிழமை திரையில் ஒரு தடித்த ஜூரர் வீட்டு மேசையில் இருந்தார்.

"இவர் ஒரு அப்பாவியை மறியலில அடைச்சவர்" என்றார் டொமினிக். "அண்டையில இருந்து சாப்பாடு தொண்டைக்குள்ள இறங்குதில்லை."

தடித்தவர் ஒரு முழுக் கோழியைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினார்.

"இறங்குதே!" என்றாள் பக்கத்து வீட்டு மாகிரட்.

"அது கவலையில தின்னுறது. சும்மா இரு."

வியாழக்கிழமை ஒரு மெலிந்த ஜூரர் புதுக் காரில் ஏறிப் பறந்தார். பின்னால் பொலிஸ்காரர் ஓடி வந்தார்கள்.

"ஏழைப் பெடியன் ஒருத்தனை விடுதலை செய்த புண்ணியவான். அடுத்த கிழமையே சுவீப் டிக்கெட்டில கார் விழுந்திருக்கு. பொலிசும் ஓடி வந்து கைகுடுக்கப் பார்க்குது!"

பக்கீர் முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அல்லாஹ்வே" என்று ஒருதரம் முணுமுணுத்தார். பிறகு சால்வையால் முகத்தைப் பொத்திக் கண்ணைத் துடைத்தார். டொமினிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குசினிக்குள் போய் எல்சியின் காதில் சொன்னார்: "ஆள் கரைஞ்சிட்டுது. உன்ர தம்பி வெளியில வந்த மாதிரித்தான்."

அடுத்த திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு இரண்டு, குற்றவாளி. எட்டு வருசம்.

செவ்வாய்க்கிழமை டொமினிக் வீட்டில் டீவி போடவில்லை. பாய்க்காரர் எல்லாரும் திரும்பிப் போக, பக்கீர் முதலாளி மட்டும் வந்து தன் கதிரையில் இருந்தார். டொமினிக்குக்குப் பொறுக்கவில்லை.

"முதலாளி, நீங்களுமோ?"

"ஓம். அஞ்சாவது ஆள் நான்தான். நான் மாட்டன் எண்டிருந்தால் தீர்ப்பே இல்லை."

"ஏன்? என்னத்துக்கு?"

"காவற்காரன் ஆளை வடிவாப் பார்க்கயில்லை. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது. பிறகு இங்க வந்தால், கோழி தின்னுறவனைப் பட்டினி எண்டுறீங்கள். கார் களவெடுத்தவனைப் புண்ணியவான் எண்டுறீங்கள். சிரிப்பை அடக்க ஏலாமல் எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. ஏன் இந்த மனுசன் இப்பிடிப் புளுகுறார் எண்டு விசாரிச்சனான். வின்சன்ட் உங்கட மச்சானாம். அவன் நிரபராதி எண்டால் சொல்லுறதுக்கு ஒரு உண்மை இருந்திருக்கும், நீங்கள் கோட்டில வந்து அதைச் சொல்லியிருப்பீங்கள். இவ்வளவு பொய் எதுக்கு?"

குசினி வாசலில் எல்சி வந்து நின்றாள். புருசனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொமினிக் அவள் பக்கம் திரும்பாமல் முதலாளியையே பார்த்தார். "முதலாளி... உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமெண்டு நான் கனவிலயும் நினைக்கயில்லையே!"

பக்கீர் முதலாளி எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

"நல்ல கதை! இங்கிலீஷ் தெரிஞ்ச ஜூரிதான் வேணுமெண்டு முதல் நாள் ஜட்ஜ் ஐயாவிட்டக் கேட்டு வாங்கினது உங்கட மச்சான்தானே?"