ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி

"போளூர்ல மாமனாரா வரவேண்டியவர் வேட்டியில காபியைக் கொட்டினியே, நாளைக்குப் பொண்ணு பாக்கவும் அதே சட்டைதானா?" என்று கேட்டான் நண்பன் ஆதிமூலம்.

முருகவேல் கொட்டியது உண்மை. பெண் பார்க்கப் போன இடத்தில், பக்கத்து வீட்டு டிவியில் ஓடிய கார் ரேஸில் தன் சிவப்பு கார் மணலில் இறங்கிவிட்டதைக் கேட்டு, "போச்சுடா!" என்று டம்ளரோடு எழுந்தவன் அவன்தான். அன்று ரேஸும் போச்சு, சம்பந்தமும் போச்சு.

சனிக்கிழமை காலை. செங்கம் ரோட்டில் சுப்பிரமணியின் பஞ்சர் கடை. பக்கத்து டீக்கடையிலிருந்து கடன் வாங்கிய இங்கிலீஷ் பேப்பரை மூன்று தலைகள் மறைத்துக்கொண்டிருந்தன.

"ப்ராக்டீஸ்ல வெள்ளிக் கார் ஃபர்ஸ்ட். நம்ம சிவப்பு நாலாவது" என்றான் ஆதிமூலம்.

"ப்ராக்டீஸை நம்பாத. டேங்கை ரொப்பிக்கினு ஓட்டியிருப்பான், வெயிட் ஜாஸ்தி. வெள்ளிக் காருக்கு கியர் பாக்ஸ் வீக்கு. நாளைக்குப் பாதியில நிக்கும், எழுதி வெச்சுக்க" என்றான் முருகவேல்.

"எனக்கு ட்ராக் மேலதான்டா பயம்" என்று டியூபைத் தண்ணீரில் முக்கினான் சுப்பிரமணி. "இந்த வாரம் இடப்பக்கமாச் சுத்துறானுங்க. நம்ம ஊர்ல எவனாவது மலையை இடப்பக்கமாச் சுத்துவானா? வெளங்குமா?"

மூவரும் ஒரு நிமிஷம் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் கல்யாணத் தரகர் இருசப்பன் சைக்கிளை நிறுத்தினார். முருகவேல் பாய்ந்தான். "பொண்ணு பாக்குற நேரத்தை மாத்தச் சொன்னேனே, என்னங்க ஆச்சு?"

"பொண்ணு எம்.ஏ. தம்பி."

"நேரம்?"

"கோலம் போட்டான்னா தெருவே நின்னு பாக்கும்."

"நேரம்ங்க!"

"அது அசையல தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ராகு காலம் முடிஞ்சு ஆறு மணி. பொண்ணு வீட்ல ஒரே பிடி."

ரேஸ் ஐந்தரைக்கு. பட்டம் யாருக்கு என்று இதிலேயே முடிவாகிவிடக்கூடிய ரேஸ். ஆனால் இது முருகவேலுக்கு ஒன்பதாவது பெண். முப்பத்திரண்டு வயது கலெக்டர் ஆபீஸ் கிளார்க்குக்குப் பத்தாவது கிடைக்கும் என்று அவன் அம்மா ராஜம்மாளுக்கு நம்பிக்கை இல்லை. "அங்க போய் கார், ரேஸ்னு வாயைத் திறக்க மாட்டேன்னு அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினான்.

மறுநாள் ஆறு மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் பெண்ணின் அப்பா அப்பாதுரை வாசல்வரை வந்து வரவேற்றார்.

"விருந்தாளிங்க வந்தாத்தான் நம்ம வீட்ல டிவிக்கு உறையைக் கழட்டுறது. மத்த நாள்ல மூச்! பொம்பளப் புள்ள இருக்கிற வீடு பாருங்க" என்று பெருமையோடு பூப்போட்ட உறையை எடுத்து, பட்டனை அமுக்கினார்.

இருபது கார்கள் ஒரே நேரத்தில் உறுமின.

முருகவேலின் முதுகு சிலிர்த்தது. முதுகுதான் சிலிர்க்க முடியும். ராஜம்மாள் முன்ஜாக்கிரதையாக அவனை டிவிக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள்.

"இது என்ன கருமம், வண்டு மாதிரி கத்துது! ரிமோட் எங்கம்மா?" என்றார் அப்பாதுரை. வீடே தேடியது. ரிமோட் கிடைக்கவில்லை.

அருணாதேவி காபியோடு வந்தாள். கொடுத்துவிட்டு எதிரே சுவரோரம் நின்றாள். தலையைக் குனியவில்லை. கண் கொட்டாமல் அவன் தலையையே பார்த்தாள். உச்சியில் நாலணா அகலத்துக்கு விழுந்திருந்த வழுக்கையைத்தான் பார்க்கிறாள் என்று அவனுக்கு வியர்த்தது.

திடீரென்று பின்னால் ஒரு எஞ்சின் கீச்சென்று கத்தி அடங்கியது.

"கியர் பாக்ஸ்" என்று முணுமுணுத்துவிட்டு, முருகவேல் நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மாவுக்குக் கேட்கவில்லை. அண்ணாமலையாருக்குக் கேட்டிருக்கும்.

"ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கட்டுமே" என்றார் யாரோ. அருணாதேவி அதிக தூரம் போகவில்லை. உள்ளறை வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"பிடிக்கலேன்னா நேராவே சொல்லிடுங்க" என்றான் அவன் மெல்ல. "என் தலையையே பாத்துட்டிருந்தீங்க. முடி கொஞ்சம் கம்மிதான்."

"தலையையா? தலைக்கு மேல டிவியைப் பாத்தேங்க" என்றாள் அவள். முந்தானைக்குள்ளிருந்து ரிமோட் எட்டிப் பார்த்தது. "விருந்தாளி வந்தாத்தான அப்பா டிவி போடுவாரு? அதான் பொண்ணு பாக்க வர்றவங்களை எல்லாம் ரேஸ் இருக்கிற ஞாயித்துக்கிழமையாப் பாத்து வரச் சொல்றது. ராகு காலத்துல முதல் இருபது லேப் போயிடுது, அதுக்கு என்ன பண்றது? இந்த சீசன்ல நீங்க நாலாவது."

முருகவேல் ரிமோட்டைப் பார்த்தான். "அப்ப... நான் வெறும் டிவி சுவிட்சுதானா?"

"மத்த மூணு பேரும் சேனலை மாத்தச் சொன்னாங்க. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம சத்தத்தை வெச்சே 'கியர் பாக்ஸ்'னீங்க. வெள்ளிக் கார் நின்னுடுச்சு."

"அதுக்கு என்னங்க அர்த்தம்? ரெண்டு வாரமா ஒருத்தரும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லலை."

அருணாதேவி முதல்முறையாக டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"அடுத்த ரேஸ் ரெண்டு வாரம் கழிச்சு. நிச்சயதார்த்தத்தை அன்னிக்கே வெச்சுக்கலாம். உங்க நாற்காலியை மட்டும் நான் திருப்பிப் போடுறேன்."