வால்நட் உடைத்த துப்பாக்கி

"பிடியில ஓரமா ஒரு சில்லு பேர்ந்திருக்கு, தலைவரே. எவனாவது போலீஸ்காரன் இதை வச்சு வால்நட் உடைச்சிருப்பான்."

சொல்லிவிட்டு துப்பாக்கி வியாபாரி டுவேன் தானே சிரித்துக்கொண்டான்.

எமில் கோவாச் சிரிக்கவில்லை. ரிவால்வரைத் திருப்பிப் பார்த்தார். பிடியின் முதுகில் போலீஸ் துறை போட்ட எண், நாற்பத்தொன்று என்று பொறித்திருந்தது.

அதேதான்.

பென்சில்வேனியாவில் துப்பாக்கிச் சந்தை கூடிய ஊரெல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. ஓய்வு பெற்ற கிழவன் பொழுதுபோகாமல் அலைகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இந்த ஒன்று வேறு எவன் கையிலும் சிக்கிவிடக்கூடாது என்பதே அவர் கவலை.

கோடையில் மாட்டுக் கண்காட்சி நடக்கும் கொட்டகை அது. இப்போது துப்பாக்கி எண்ணெயும் வதக்கிய வெங்காயமும் சேர்ந்து நாறின. சாணி நாற்றமே தேவலை என்றிருந்தது எமிலுக்கு. பக்கத்து மேசையில் ஒருவன் சாண்ட்விச் தின்ற கையோடு துப்பாக்கியை எடுத்துக் கூட்டாளியின் தொப்பையைக் குறி பார்த்தான். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பிடியெல்லாம் கடுகு சாஸ்.

இவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான்.

"போலீஸ் சரக்குன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றான் டுவேன். "நிறைய சுமந்திருப்பாங்க, கம்மியா சுட்டிருப்பாங்க. உறை உரசி வெளியிலதான் தேய்ஞ்சிருக்கு, உள்ள பாருங்க, புதுசு மாதிரி. இது ஒரு ஈ எறும்பைக்கூடக் கொன்னிருக்காது."

எமில் குழலுக்குள் பார்க்கவில்லை.

"சட்டுனு முடிவு பண்ணுங்க. இதை ஒருத்தர் கேட்டுட்டுப் போயிருக்கார். மேசை விளக்கு பண்ணப் போறாராம். மேல பல்பு, ஒரு குடை. விசையை இழுத்தா லைட் எரியும். செம ஐடியா இல்ல?"

எமில் பர்ஸை எடுத்தார்.

"எனக்குக் குடு" என்றார்.

ஓய்வு பெற்ற போலீஸ் அட்டையைப் பார்த்ததும் டுவேனின் முகம் மலர்ந்துவிட்டது. வாங்குகிறவரின் பின்னணி விசாரணைக்கு ஃபோன் போட்டுவிட்டுக் காதில் வைத்தபடியே குனிந்து குசுகுசுத்தான்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா, தலைவரே! இது உங்களோடதுன்னு ரெண்டு வரி எழுதி, சீருடைப் படம் ஒண்ணு சேர்த்துக் குடுங்க. நாளைக்கே டபுள் விலைக்குத் தள்ளி விடறேன். ஆளுக்குப் பாதி."

"இது என்னோடது இல்ல."

"யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கத் துடித்த கையை எமில் பைக்குள் விட்டுக்கொண்டார். இவன் பரவாயில்லை. மேசை போட்டு விற்கிற வியாபாரி. பிளாஸ்டிக் உடம்பு வைத்த புதுப் பிஸ்டல்கள் வந்ததும் பழையவற்றைப் பெட்டி பெட்டியாகத் தரகனிடம் தள்ளிவிட்டதே அவருடைய துறை, அதை நினைத்தால்தான் காறித் துப்பத் தோன்றியது.

துப்பாக்கியைப் பழுப்புத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். காரில் டோரிஸ் காத்திருந்தாள். எந்த ஊர்ச் சந்தைக்கும் கூடவே வருவாள், கொட்டகைக்குள் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டாள்.

பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தாள். கட்டைவிரலால் அந்தச் சில்லு பேர்ந்த இடத்தைத் தடவினாள்.

"இதுக்கு என்ன சொன்னான்?"

பொய் சொல்லலாமா என்று எமில் யோசித்தார். இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"எவனோ வால்நட் உடைச்சிருக்கான்னு சொன்னான்."

டோரிஸ் வீட்டுச் சமையலறைத் தரையில், மேசைக்குக் கீழே ஒரு ஓடு பேர்ந்திருக்கிறது. அவள் புருஷன் லியோ தன்னையே சுட்டுக்கொண்டபோது இது அவன் கையிலிருந்து நழுவி விழுந்த இடம். ஒரே ரோந்து வண்டியில் ஒன்பது வருடம் எமிலின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன். முந்தின நாள்கூட எமிலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துறை துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, அடுத்த மாதமே புதிதாக வந்த ஒருவனின் இடுப்பில் மாட்டியது. டோரிஸ் அந்த ஓட்டின் மேல் ஒரு மிதியடியைப் போட்டாள். இன்னும் எடுக்கவில்லை.

அவள் பழுப்புத் தாளைப் பழையபடி மடித்தாள்.

"லியோவுக்கு வால்நட்டே ஆகாது. தொண்டை அரிக்கும்."

எமில் வண்டியைக் கிளப்பினார். வெல்டிங் பட்டறைக்காரர் இரும்பை வெட்டும் கேஸ் கட்டரோடு காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.