ஏழாவது தொலைபேசி

செப்புச் சுரங்கத்தின் நெட்வொர்க் சுவிட்சை நிபால்தோவும் நானும் பிரித்து முடித்தோம். பம்புகளுக்கு ஒரு பிரிவு, கேமராக்களுக்கு ஒன்று, தொலைபேசிகளுக்கு ஒன்று. இனி ஒவ்வொரு தொலைபேசிக்கும் கூப்பிட்டு, எடுப்பவர் பேரை எழுத வேண்டும். கலாமா ஊருக்குப் போகும் மூன்று மணிப் பேருந்தை விட்டால் நிபால்தோவுக்கு மகள் கல்யாணம் போச்சு.

ஆறு பேரும் எடுத்தார்கள். "ஜெயிச்சிட்டோம்டா!" என்று நிபால்தோ மேசையைக் குத்தினான். பட்டியலில் ஆறுதான். சுவிட்சோ ஏழு தொலைபேசிகளைக் காட்டியது.

"ஏழாவதுக்கு நீயே பேசு, கொம்பாத்ரே," என்றேன், தோழன் என்ற உரிமையில்.

பேசினான். முகம் மலர்ந்தது. "பஸ்ஸைப் பிடிச்சு வெக்கிறாங்களாம்டா! அவங்களும் வர்றாங்க, எட்டு பேரு."

"எங்கேருந்து?"

"நாலாம் தளம்."

ஓடினான். அவன் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான். நாலாம் தளத்தைச் சிமெண்ட் ஊற்றி மூடி ஆறு வருடம் ஆகிறது.

நான் பின்னாலேயே மேலே ஏறி வந்தபோது பேருந்து நின்றிருந்தது. எட்டு இருக்கைகளில், சிமெண்ட் ஈரம் காயாத தலைக்கவசங்களை வைத்து இடம் பிடித்திருந்தார்கள்.