சிப்ஸ் அலமாரியின் சாவி

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரர் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "வாங்க அண்ணி" என்றார். சிப்ஸ் பெட்டிகளை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைகடையாகப் போய் சிப்ஸ் பாக்கெட் போடுவதுதான் அவர் தொழில். சரக்கு வைக்க எங்களுக்கு இருப்பது அந்த ஒரே அலமாரி.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் அக்கா ஆரம்பித்தாள். படியேறும்போதே பக்கத்து வீட்டம்மா எல்லாம் சொல்லிவிட்டாளாம். மூன்று மாதமாக இந்தப் பூட்டுதானாம். மாடி முழுக்க அவருக்குப் 'பூட்டுக்காரர்' என்று பேராம்.

"கட்டின பொண்டாட்டி ஒரு பாக்கெட் எடுத்துத் தின்னுடுவாளோன்னு பூட்டிட்டுப் போறான். நீயும் பார்த்துக்கிட்டு இருக்கே."

எனக்குச் சட்டென்று பேச்சு வராது. அக்காவுக்கு அது தெரியும். அதனால் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள். பேசிக்கொண்டே குழந்தையின் துணிகளைப் பையில் அடைத்தாள்.

"கிளம்புடி. அவனா வந்து சாவியை உன் கையில குடுக்கிற வரைக்கும் நீ எங்க வீட்ல இரு."

பை பாதி நிறைந்துவிட்டது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் குடும்பமே போய்விடும் போலிருந்தது.

"பூட்டச் சொன்னது நான்தான்க்கா."

அக்கா கையில் ஒரு குட்டிச் சட்டையோடு அப்படியே நின்றாள்.

சொன்னேன். குழந்தை பிறந்த பிறகு என் கை தானாக அலமாரிக்குப் போனது. ஒரு பாக்கெட் என்றிருந்தது நாலாச்சு, ஆறாச்சு. வயிறு முட்டினாலும் பசி அடங்கவில்லை. உடம்பு ஊதியது, புத்தியும் மந்தமானது. ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்ததையே மறந்து மறுபடி ஊற்றப் போனேன். அவர்தான் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

எனக்கு அடங்காத வாய் என்று டாக்டரம்மாவிடம் அழுதேன். அவர் திட்டவில்லை. கொழுப்பு அளவுக்கு மீறிப் போனால், கிருமி வந்துவிட்டது போல உடம்பு சண்டைக்குக் கிளம்பிவிடுமாம். மூளைக்குள் காவலுக்கு இருக்கிற செல்களும் முறைத்துக்கொண்டு நிற்குமாம். வயிறு நிறைந்ததும் போதும் என்று சொல்கிற இடமே வீங்கிப்போகுமாம். மறதிகூட அதனால் வரலாமாம்.

"உன் வாய் மேல தப்பு இல்லம்மா. உள்ள அடிக்க வேண்டிய மணி அடிக்கல. எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்திப் பார்ப்போம்" என்றார்.

நானாக நிறுத்த மாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் வீட்டுக்காரரிடம் பூட்டச் சொன்னேன். யார் என்ன பேசினாலும் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். இப்போது எடை இறங்கியிருக்கிறது, மறதியும் குறைந்திருக்கிறது. நேற்று டாக்டரம்மா ரத்த டெஸ்டைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார்.

அக்கா நம்பவில்லை. "அவன் சொல்லிக் குடுத்ததை ஒப்பிக்கிறியா" என்று போய்ப் பூட்டை வெடுக்கென்று இழுத்தாள்.

பூட்டு கையோடு வந்துவிட்டது.

அதை அமுக்கினாள். வாய் பிளந்துகொண்டது. மறுபடி அமுக்கினாள், மறுபடியும் பிளந்தது.

"ஏண்டி, ஸ்பிரிங் போன பூட்டுடி இது. பூட்டவே பூட்டாது. இதுக்கா அவர் தெரிஞ்சே தினம் சாவியைப் போட்டுத் திருகினார்?"

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். பெட்டிகள் அடுக்கினபடி இருந்தன. இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

அக்கா பையில் அடைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள். பிறகு பூட்டை முன்பு இருந்தபடியே மாட்டினாள்.

"நமக்குத் தெரியும்னு காட்டிக்காதே. சாவி மாப்பிள்ளைகிட்டயே இருக்கட்டும்."