இருபத்தைந்து வயது அம்மா

"இண்டைக்கு எனக்கொரு அம்மா கிடைக்கப்போறா. அவவுக்கு இருபத்தஞ்சு வயசு!" என்று அறிவித்தாள் டொறத்தி. ஓய்வூதியம் வரத் தொடங்கியபின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவளுக்கோ அறுபத்துமூன்று.

கொலோன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஆடும்படி சிரித்தார் கணவர் அம்புறோஸ். "மாணவியள் சங்கம் உம்மைச் சேர்க்குமே? வாசலிலேயே கலைப்பினம்!"

"ஆம்பிளையள் தங்கட சங்கங்களிலை கதவடைச்சபடியால் பெட்டையள் தொடங்கின சங்கமப்பா. அது எனக்குக் கதவடைக்குமோ? புதுசாச் சேருறவள் மூத்த மாணவி ஒருத்தியை அம்மாவாத் தெரிவுசெய்யோணும். அது சங்கத்தின்ர வழமை."

"அப்பிடி நடந்தால் அந்தப் பெட்டையை நான் மாமியெண்டு கூப்பிடுறன்!"

பின்னேரம் நெஞ்சுக்குக் குறுக்கே சங்கத்தின் பட்டு நாடாவோடு டொறத்தி நிமிர்ந்து வந்தாள். பக்கத்தில், இவ்வளவு காலமும் அப்பாவுக்கு ஒளித்த அதே நாடாவோடு, அங்கேயே படிக்கும் இருபத்தைந்து வயது மகள் சாண்ட்ரா.

"என்ர பிள்ளையைச் சேர்த்தாச்சு," என்று தாயின் தோளில் கைபோட்டாள் சாண்ட்ரா. "கூப்பிடுங்கோ அப்பா!"

அம்புறோஸ் தலையைச் சொறிந்தார்.

"ஓம், நடந்துதான் போச்சு... மாமி."