லிஃப்ட் மெக்கானிக்கின் ஆட்சேபணை

“இந்தப் படத்தை அழிச்சிடுங்க!”

லிஃப்ட் மெக்கானிக் மைக்கில் கத்தியதும் கலை மன்றத்துப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மைக்கைக் கொடுத்தவளே அவள்தான். கலை மன்றம் சார்பாகக் கூட்டம் நடத்த வந்தவள். “ஓவியரோட மனசு விட்டுப் பேசுங்க” என்று அரை மணி நேரமாகக் கெஞ்சியும், குடியிருப்பில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. நாற்பது பேரும் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

மாடிப்படிச் சுவரில் ஓவியரான பெண் இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்த படம். ஆதரித்துப் பேச ஆளில்லை என்றால் நாளைக்கே வெள்ளையடித்துவிடுவதாகக் குடியிருப்புச் செயலாளர் சொல்லியிருந்தார். முன்வரிசையில் நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியப் பெண்ணோ பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

முதலில் கை தூக்கிய ஆளும் இப்படியா?

“எல்லாரும் பையும் கையுமா மூச்சு வாங்க மாடி ஏறுற மாதிரி வரைஞ்சிருக்கீங்க! அப்போ என் லிஃப்ட் ஓடலைன்னு சொல்றீங்களா?”

மைக்கைப் பிடுங்கக் கலை மன்றத்துப் பெண் ஓடினாள். அதற்குள்,

“ஓடலைதானே!” என்றது ஒரு குரல்.

“போன மாசம் ஒன்பது நாள் ஓடலை” என்று எழுந்தார் ஐந்தாம் மாடி டெய்லர். “எங்கக்கா முட்டி வலியோட ஏறினாங்க. படத்துல குடையை ஊனிக்கிட்டு நிக்கறது அவங்கதான். அவங்களை அழிக்கச் சொல்ல நீ யாருய்யா?”

ஓவியப் பெண் நிமிர்ந்தாள்.

“முட்டி வலின்னு எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு படிக்கொரு தரம் நின்னாங்க. நின்னதைத்தான் வரைஞ்சேன்.”

“சைக்கிளைத் தூக்கிட்டுப் போறது எங்க வீட்டுக்காரர்!”

“என்னை ஏம்மா விட்டுட்டே?”

அப்புறம் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. பாதிப் பேர் ஓவியப் பெண்ணைச் சூழ்ந்துகொள்ள, மீதிப் பேர் மெக்கானிக்குக்கு அர்ச்சனை செய்தார்கள். “படம் இருக்கட்டும்பா” என்று செயலாளர் எழுந்து போனார்.

கலை மன்றத்துப் பெண்ணுக்குத்தான் ஆறவில்லை. வாசலில் மெக்கானிக்கை மடக்கினாள்.

“ஏன் சார், ஒரு பொண்ணோட உழைப்பை எல்லார் முன்னாடியும் இப்படி மிதிக்கணுமா? அந்தப் படத்துல அப்படி என்ன குறை?”

அவர் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஒரு குறையும் இல்ல மேடம், ரொம்ப நல்லாயிருக்கு. சும்மா பேசச் சொன்னா எங்க ஆளுங்க பேச மாட்டாங்க. என்னைத் திட்டறதுன்னா பில்டிங்கே எழுந்து நிக்கும்!”